கட்டடக்கலை ஒளிப்படமும் கல்லெழுத்து வாசிப்பும்: தஞ்சைப் பதிவு, 1858

முன்னுரை

கட்டடம் அசையாப் பொருள். ஆகவே அதனைப் படமெடுத்தல் எளிது என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகிறது. மனிதர் இமைப்பர், விலங்கு ஓடும், மரக்கிளை காற்றில் ஆடும். கல்லோ நின்ற இடத்தில் நிற்கும். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இந்தியக் கோயில்களைப் படமெடுத்தோரின் பணியை நோக்குமிடத்து இவ்வெண்ணம் பிழையென்பது தெளிவாகும். கட்டடம் அசைவதில்லை, அதன்மீது விழும் ஒளி அசைந்துகொண்டே இருக்கிறது. கட்டடத்தின் சுவரில் எழுத்தும் பொறிக்கப்பட்டிருப்பின் சிக்கல் இருமடங்காகிறது. கட்டடத்தை அழகாகக் காட்டும் ஒளி எழுத்தை மறைக்கலாம். எழுத்தைத் தெளிவாகக் காட்டும் ஒளி கட்டடத்தின் வடிவைச் சிதைக்கலாம்.

கல்வெட்டுச் சான்றுகளைக் கையாளும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பெரும்பாலும் கல்லை நேரிற் காண்பதில்லை; படத்தையோ மைப்படியையோ அச்சிட்ட பாடத்தையோதான் காண்கின்றனர். எனவே அப்படம் எவ்வாறு உருவாயிற்று என்னும் வினா ஒளிப்படக் கலைஞருக்கு மட்டும் உரியதன்று. அது பாட ஆய்வைச் சார்ந்த வினாவுமாகும். 1858ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் லின்னேயஸ் டிரைப் எடுத்த பதிவுகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வரைவாளரிடமிருந்து ஒளிப்படக்காரரிடம்

ஒளிப்படம் வருமுன் இந்தியக் கட்டடங்களின் பதிவு வரைவாளரின் கையை நம்பியிருந்தது. கல்வெட்டுகளைக் கண்ணாற் பார்த்துக் கையால் எழுதிக்கொள்வதே வழக்கம். காலின் மெக்கன்சியின் உதவியாளர்களும், பின்னர் வால்டர் எலியட்டும் இம்முறையில் திரட்டியவை பலவாகும். பார்த்தெழுதுபவர் தமக்குப் புரிந்த எழுத்தையே எழுதுவார் என்பது இம்முறையின் அடிப்படைக் குறை. கல்லின் வாசிப்பும் அதன் நகலும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

1850களின் நடுப்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை, பழஞ்சின்னங்களைப் பதிவு செய்வதில் வரைவாளருக்கு மாற்றாக ஒளிப்படத்தைப் பயன்படுத்துமாறு பம்பாய் அரசுக்கு அறிவுறுத்தியது. செலவுக் குறைவும் நம்பகமும் அதன் காரணங்கள். 1855இல் தாமஸ் பிக்ஸ் அப்பணியில் அமர்த்தப்பட்டுப் பீஜப்பூர், பாதாமி, ஐகொளெ முதலிய இடங்களைப் படமாக்கினார். ஏறத்தாழ இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் இப்பணிக்கு வந்தவரே டிரைப்.

1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த டிரைப் சென்னைப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர். தாயக விடுப்பில் ஒளிப்படக் கலையைப் பயின்று திரும்பி, 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் ஆவா அரசவைக்குச் சென்ற பிரித்தானியத் தூதுக் குழுவுடன் பர்மா சென்று இருநூறுக்கும் மேற்பட்ட படங்களோடு மீண்டார். 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமனம் பெற்றார். 1857 டிசம்பரில் தொடங்கி 1858இன் முற்பகுதி வரை திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசின் நிதிநிலைக்கு இப்பணி ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். ஆக, தென்னகக் கட்டடங்களின் முதற்பெரும் ஒளிப்படப் பதிவு சில மாத உழைப்பில் உருவாகி, சில ஆண்டுகளுக்குள் முடிந்துபோன முயற்சியாகும்.

2. கட்டடம் விளைவிக்கும் இடர்கள்

டிரைப் பெரும்பாலும் மெழுகிட்ட தாள் எதிர்ப்படிகளையே கையாண்டார். அவற்றின் அளவு ஏறத்தாழ 12க்கு 15 அங்குலம். அக்காலத்தில் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லாமையால், எதிர்ப்படியின் அளவே நேர்ப்படியின் அளவு. பெரிய படம் வேண்டுமாயின் பெரிய கருவி வேண்டும். அதனை வண்டியிலும் ஆள்தோளிலும் கொண்டு செல்லவேண்டும். தாளில் வெள்ளி உப்புப் பூச்சு வெப்பத்தில் விரைவிற் கெடும். கரைப்பதற்கும் அலசுவதற்கும் தூய நீர் வேண்டும். மெழுகிட்ட தாளை முன்கூட்டியே பதப்படுத்தி உலர்ந்த நிலையில் எடுத்துச் செல்லலாம் என்பதே பயணத்திற்கு அது தந்த பெரும் வசதி.

அடுத்த இடர் உயரம். தஞ்சை விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. கீழே நின்று கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னே சாய்வது போலத் தோன்றும். மேல்நோக்கிக் குறுகும் விமானத்திற்கு இது இன்னும் கேடு. சிற்பி வகுத்த குறுக்கம் எது, வில்லை விளைத்த குறுக்கம் எது எனப் பிரித்தறிய இயலாது. எனவே கருவியைத் தூக்குக் குண்டுக்கு ஒத்து நேராக நிறுத்தி, வில்லைப் பலகையை மட்டும் மேலே உயர்த்துவர். அல்லது தொலைவிற்குப் பின்வாங்குவர். திருச்சுற்றின் மதில் இடம் தராவிடில் பின்வாங்கலும் இயலாது. கோயிற் படங்கள் பலவும் ஒரே கோணத்தில் அமைந்திருப்பதற்குக் கலைஞரின் சுவையை விட மதிலின் இருப்பிடமே காரணம் எனலாம்.

மூன்றாவது, நிறம். அக்கால வெள்ளிப் பூச்சு நீல ஒளிக்கு மிக விரைவாகவும் செந்நிற ஒளிக்கு மிக மெதுவாகவும் இசைந்தது. இதனால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெண்மையாயிற்று. செம்மை படர்ந்த கல் தன் இயல்பினும் கருத்துத் தோன்றிற்று. 1873இல் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் சாயமூட்டிப் பூச்சின் நிற உணர்வை விரிவாக்க வழி காணும் வரை இக்குறைக்குத் தீர்வில்லை. ஆகவே அக்காலப் படத்தில் ஒரு கல் கருமையாய் இருப்பது கொண்டு அது வேறு வகைக் கல் என முடிவு செய்தல் தகாது.

3. எழுத்து விளைவிக்கும் இடர்கள்

கல்லில் வெட்டிய எழுத்துக்கு மை இல்லை, பள்ளமே எழுத்து. பள்ளத்தில் நிழல் தங்கினால் எழுத்து தெரியும், தங்காவிடில் தெரியாது. தமிழில் இக்கலைக்கு வழங்கும் பெயர்களுள் 'ஒளிப்படம்' என்பதும் 'நிழற்படம்' என்பதும் ஒரு பொருட் சொற்களாகவே ஆளப்படுகின்றன. கல்லெழுத்தைப் பொறுத்தவரை இரண்டாவது சொல்லே நிகழ்வை நேராக உரைக்கிறது. ஏனெனில் அங்கே நாம் படிப்பது நிழலை.

நிழல் எங்கே விழும் என்பதை ஒளியின் திசை தீர்மானிக்கிறது. ஒளி செல்லும் திசைக்குக் குறுக்கே அமைந்த கீற்று நிழலால் நிரம்பும். அத்திசைக்கு இணையாக அமைந்த கீற்று நிழலின்றி மறையும். நண்பகலில் சூரியன் சுவரின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி உரசும்போது கிடைக்கோடுகள் துலங்கும், நெடுங்கோடுகள் தேயும். காலையிலும் மாலையிலும் ஒளி பக்கவாட்டில் உரசும்போது நெடுங்கோடுகள் துலங்கும், கிடைக்கோடுகள் தேயும். நெடுங்கோடும் கிடைக்கோடும் சேர்ந்தே எழுத்தாகும் தமிழில், ஒரே ஒளியில் எடுத்த ஒரு படம் பாதி எழுத்தைத் தந்து மீதியை மறைத்துவிட இடமுண்டு.

சுவரின் திசையும் கருதத்தக்கது. தஞ்சை ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் உள்ளது. அங்கே நண்பகற் சூரியன் ஏப்ரல் மூன்றாம் வார அளவில் தலைக்கு வடக்கே நகர்ந்து, ஆகஸ்டு நான்காம் வார அளவில் மீண்டும் தெற்கே திரும்புகிறது. குளிர்காலத்தில் வடசுவர் நாள் முழுதும் நிழலிலேயே இருக்கும். நிழலில் உள்ள சுவரில் ஒளி எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாகப் பரவுவதால் பள்ளம் மேடு தெரிவதில்லை. ஆகவே ஒரே கட்டடத்தின் நான்கு பக்கங்களையும் ஒரே வாரத்தில் ஒரே தரத்தில் படமெடுத்தல் இயற்கையாகவே அரிது. ஒரு பக்கத்துக் கல்வெட்டு 'தெளிவாக உள்ளது' என்றும் மறுபக்கத்தது 'சிதைந்துள்ளது' என்றும் படத்தைக் கொண்டு குறிப்பெழுதுவோர், சிதைவு கல்லில் உள்ளதா பருவத்தில் உள்ளதா எனக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

கோயிலின் அதிட்டானத்தில் பட்டிகை, கண்டம் போன்ற தட்டையான உறுப்புகளோடு குமுதம் போன்ற உருண்ட உறுப்புகளும் உண்டு. உருண்ட பரப்பில் பொறித்த வரிகளுள் நடுவரி நேராகத் தெரியும். மேல்வரியும் கீழ்வரியும் குறுகித் தெரியும். மைப்படி எடுப்போர் ஈரத்தாளைக் கல்லோடு ஒட்டத் தட்டி, உலரும் நிலையில் மை ஒற்றிப் பிரிப்பதால் உருண்ட பரப்பும் தாளில் விரிந்துவிடுகிறது. இத்தகைய இடங்களில் ஒளிப்படத்தினும் மைப்படி மேம்பட்டது. ஆனால் மைப்படி கல்லின் நிறத்தையோ, எழுத்து கட்டடத்தில் நிற்கும் இடத்தையோ, அருகிலுள்ள சிற்பத்தையோ காட்டாது. அவற்றை ஒளிப்படமே காட்டும்.

இனி எழுத்தமைதி பற்றி ஒன்று கூறவேண்டும். தமிழ்க் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சிற்சில இடங்களில் இடப்படுகிறது. தொல்காப்பிய மரபுப்படி எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறுவன. அம்மரபைப் பின்பற்றிய ஓரிடத்தில் புள்ளியிருந்தால் 'எரி', இல்லாவிடில் 'ஏரி'. ஒரு புள்ளி நெருப்புக்கும் நீர்நிலைக்கும் வேறுபாடாகிறது. பழைய தாள் எதிர்ப்படிகளிலோ தாளின் துகளும் உலோக மாசும் ஆங்காங்கே புள்ளிகளை ஏற்படுத்தின. எனவே பழைய படமொன்றில் காணும் புள்ளி, சிற்பி இட்டதா, காலம் பொளிந்ததா, தாள் தந்ததா என மூன்று வினாக்களுக்கு உட்பட்டது. முதலிரண்டும் கல்லைத் தொட்டால் ஓரளவு விளங்கும். மூன்றாவதை அறிய எதிர்ப்படியைக் காணவேண்டும்.

4. இருபத்தொரு படங்களின் இணைப்பு

தஞ்சையில் டிரைப் ஆற்றிய பணிகளுள் தனித்தன்மை வாய்ந்தது, விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்து செல்லும் கல்வெட்டுகளைப் பதிந்தமையாகும். தளத்தை ஒட்டிக் கருவியைப் படிப்படியாக நகர்த்தி 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார்.

இதன் சிறப்பை உணர, வழக்கமான அகலக் காட்சிப் படத்தோடு ஒப்பிடல் வேண்டும். மலைத்தொடரையோ நகரத்தையோ படமெடுப்பவர் ஓரிடத்தில் நின்று கருவியைத் திருப்புவார். காட்சியின் மையம் காண்பவரே. சுவரெழுத்தைப் படமெடுப்பவர் அவ்வாறு செய்தால் அருகிலுள்ள எழுத்து பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் அமையும். டிரைப் கருவியைத் திருப்பவில்லை, அதனோடு நடந்தார். வரியைப் படிப்பவர் நடப்பது போலவே கருவியும் நடந்தது. காட்சியை நோக்கும் முறையிலிருந்து பனுவலை நோக்கும் முறைக்கு ஒளிப்படம் மாறிய இடம் இது எனலாம்.

எனினும் இணைப்புத்தோறும் ஓர் இடர் உண்டு. அடுத்தடுத்த இரு படங்கள் பொருந்தும் விளிம்பில் ஓர் எழுத்து வெட்டுப்படலாம்; ஒரே எழுத்து இருமுறை வரலாம். ஏடெழுதுவோர் ஒரு வரியிலிருந்து மறுவரிக்குக் கண்ணைத் திருப்பும்போது எழுத்தை விடுவதும் இரட்டிப்பதும் பாட ஆய்வாளர் நன்கறிந்த பிழைகள். ஒட்டுப்படத்தின் விளிம்பும் அவ்வகைப் பிழைக்குரிய இடமே. ஆதலின் இத்தகைய படத்திலிருந்து பாடம் கொள்வோர் ஒவ்வோர் இணைப்பின் இடத்தையும் குறித்துக்கொள்ளல் நன்று.

இவ்வளவு உழைப்பில் உருவான பதிவு தானாகவே படிக்கப்பட்டுவிடவில்லை. இராசராசன் தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்ட செய்தியைக் கொண்ட அக்கல்வெட்டுகளின் முறையான பதிப்பு, ஹுல்ஷ் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக 1891இல்தான் வெளிவரத் தொடங்கிற்று. இடையே 33 ஆண்டுகள். எழுத்து படத்தில் இருந்தது. அதனைப் படிக்கும் எழுத்தியல் அறிவும், ஒப்பிடத் தக்க பிற கல்வெட்டுகளும், கல்லருகே நின்று ஐயம் தீர்க்கும் அலுவலரும் பின்னரே அமைந்தனர். பதிவு வேறு, வாசிப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. தூரிகையும் பகர அடைப்பும்

டிரைப் தம் எதிர்ப்படிகள் பலவற்றில் தூரிகையால் திருத்தங்கள் செய்துள்ளார். வெறுமையாய்ப் பதிந்த வானத்தில் மேகங்களைத் தீட்டினார். காற்றில் அசைந்து மங்கிய இலைகளுக்கு உருவம் கொடுத்தார். அக்கால நோக்கில் இது குற்றமன்று. பூச்சின் குறையைக் கைத்திறனால் நிரப்பும் முயற்சி.

பாடப் பதிப்பில் இதற்கு இணையான செயல் உண்டு. சிதைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்புகிறார். ஆனால் அதனைப் பகர அடைப்பில் இடுகிறார். அடைப்பைக் காணும் வாசகர் அவ்விடத்தில் கல் பேசவில்லை, ஆசிரியர் பேசுகிறார் என அறிகிறார். எதிர்ப்படியில் ஓடிய தூரிகைக்கு அத்தகைய அடைப்புக்குறி இல்லை. மேகம் தீட்டியதா இயற்கையா என்பதை அச்சிட்ட படத்தை மட்டும் காண்பவர் எளிதில் அறியார். வானத்தில் இது பெரிதும் கேடு செய்யாது, எழுத்தில் செய்யும். மங்கிய எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி பூசிப் படமெடுக்கும் வழக்கம் பின்னர்ப் பரவலாக இருந்ததை எண்ணுக. சுண்ணம் பூசுபவர் தாம் படித்த வடிவையே பூசுகிறார். பார்த்தெழுதும் பழைய முறையின் குறை, ஒளிப்படத்தின் போர்வையில் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது.

இன்று கணினி படத்தைத் தானே கூர்மையாக்குகிறது. சில செயலிகள் மங்கிய கோட்டை ஊகித்து வரைந்தே தருகின்றன. கருவி புதிது, சிக்கல் டிரைப்பின் தூரிகைக் காலத்தது.

6. படத்திலிருந்து மொழிபெயர்ப்பு

ஒளிப்படத்தை அடிப்படையாகக் கொண்டு கல்வெட்டுகளை மொழிபெயர்த்த தொடக்க முயற்சிகளுள் மைசூரில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. 1865இல் மேஜர் டிக்சன் என்பார் மைசூர் நாட்டுக் கற்கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஏறத்தாழ 150 படங்களாக எடுத்தார். அவற்றைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு பி. எல். ரைஸ் தம் மொழிபெயர்ப்புத் தொகுதியை 1879இல் வெளியிட்டார். கல் இருந்த இடத்திற்குச் செல்லாமலே பனுவலை மேசைக்குக் கொண்டுவரலாம் என்பதை இது மெய்ப்பித்தது. ஆயின் அதே ரைஸ் 1886 முதல் வெளியிட்ட கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளுக்கு, ஊர்தோறும் சென்று கல்லிலிருந்தே பாடம் எடுக்கும் முறையே அடிப்படையாயிற்று. படம் மொழிபெயர்ப்பைத் தொடங்கி வைத்தது. பாடத்தை முடிவு செய்யக் கல்லே வேண்டியிருந்தது.

டிரைப் தஞ்சையில் பணியாற்றிய அதே 1858இல், ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் இளம் கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து விழ நேர்ந்து உயிர் தப்பினார். சுவரில் ஏறி அளப்பதற்கு மாற்றாகப் படத்தின் மேல் அளக்கலாமே என்னும் எண்ணம் அவருக்கு அப்போது எழுந்தது. படவழி அளவையியலின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இதன்படி ஒரே கட்டடத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்கள் ஒன்றையொன்று திருத்தும். 2001இல் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட முறையில் கருவி ஓரிடத்தில் நிற்க, ஒளி மட்டும் பல திசைகளிலிருந்து வீசப்படுகிறது. பின்னர் காண்பவரே திரையில் ஒளியின் திசையை மாற்றிக் கீற்றுகளை ஆராயலாம். இடத்தைப் பலவாக்குதல், ஒளியைப் பலவாக்குதல் ஆகிய இவ்விரண்டின் அடிப்படை ஒன்றே: ஒரு படம் போதாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கட்டடத்தின் ஒளிப்படம் கல்லின் நகல் அன்று, கல்லைப் பற்றிய ஒரு சாட்சியம் என்பது பெறப்படும். சாட்சியத்திற்கு இடமும் நேரமும் உண்டு. ஆகவே கல்வெட்டுப் படத்தைச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர், சுவரின் திசை, எடுத்த நாளும் பொழுதும், ஒளி வந்த பக்கம், அளவுகோல், எழுத்தின்மேல் ஏதேனும் பூசப்பட்டதா, படத்தில் திருத்தம் உண்டா என்பவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். ஐயமுள்ள எழுத்துக்குக் குறைந்தது இரு வேறு திசை ஒளியில் எடுத்த படங்களும், இயலுமிடத்து மைப்படியும் ஒப்பிடப்படல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் அச்சிட்ட பாடத்தோடு நின்றுவிடாது, பகர அடைப்பு மிகுந்த இடங்களில் படத்தைக் கேட்டுப் பெறல் நன்று.

இவ்வொழுங்கு வெறும் முறைமைக்காக வேண்டுவதன்று. திருப்பணியின்போது கற்கள் இடம் மாறுகின்றன. வரிகள் சுண்ணத்தாலும் வண்ணத்தாலும் மூடப்படுகின்றன. மணல்வீசித் தூய்மை செய்த சுவர்களில் எழுத்துகள் தேய்ந்துபோயின. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்து நின்ற கோலத்தை டிரைப் 1858இல் பதிந்தார். நேப்பியர் ஆளுநராய் இருந்த காலத்தில் (1866-1872) அது புதுப்பிக்கப்பட்டது. புதுப்பிக்கும் முன் இருந்த நிலையை அறிய இன்று அப்படங்களே துணை. கல்லெழுத்திலும் இந்நிலை நேரக்கூடியது. கல் போனபின் படத்தை எதனோடும் ஒப்பிட இயலாது. அப்போது படத்தோடு எழுதிவைத்த குறிப்பு மட்டுமே எஞ்சும். ஓர் எழுத்தின் மேலுள்ள கரும்புள்ளி 'எரி'யைக் குறித்ததா, தாளின் கறையா என்பதை வருங்கால வாசகர் அறிவது, இன்று படமெடுப்பவர் எழுதும் அந்த ஒரு வரிக் குறிப்பைப் பொறுத்தது.